குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை எதிர்த்து டென்மார்க் ஏன் வழக்குப் போட்டது?

2025 நவம்பர் 11 அன்று லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்குப் போட்டது டென்மார்க். எதிர்த்தரப்பு, ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்புநாடுகளின் கவுன்சிலும். தொழிலாளர்களுக்குப் போதுமான குறைந்தபட்ச ஊதியம் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று ஒன்றியம் 2022இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதை அடியோடு ரத்து செய்ய வேண்டும் என்பது டென்மார்க்கின் கோரிக்கை. ஆதரவாக உடன் நின்றது ஸ்வீடன்.

செய்தியை மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். குறைந்த கூலியைக் காட்டி முதலீட்டை இழுக்கும் ஏதாவதொரு கிழக்கு ஐரோப்பிய நாடு இந்த வழக்கைப் போட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். டென்மார்க்கும் ஸ்வீடனும் அப்படியல்ல. உணவகத்தில் மேசை துடைப்பவரும் ஓரளவு கௌரவமாக வாழ முடிகிற நாடுகள் அவை. அவற்றுக்கு இதில் என்ன கோபம்? அதிலும் டென்மார்க் அரசு தனியாக நிற்கவில்லை. அந்த நாட்டுத் தொழிற்சங்கங்களும் இந்தச் சட்டம் வேண்டாம் என்றன, முதலாளிகள் சங்கமும் வேண்டாம் என்றது.

இதற்கு விடை தெரிந்துவிட்டால், ஐரோப்பாவின் சமூக, வேலைவாய்ப்புக் கொள்கையை வலுப்படுத்தப் போவதாக ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் அறிவிப்பு வரும்போதெல்லாம் பின்னால் நடக்கும் சண்டை எதைப் பற்றியது என்பதும் புரிந்துவிடும். சம்பளம் எவ்வளவு என்பதைவிட, அதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் அங்கே தகராறு.

டென்மார்க்கில் குறைந்தபட்ச ஊதியம் இவ்வளவு என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. 1899இல் அங்கே முதலாளிகள் ஆலைகளை மூடித் தொழிலாளர்களை வெளியே நிறுத்திய பெரிய கதவடைப்பு ஒன்று மூன்று மாதத்துக்கு மேல் நடந்தது. அதன் முடிவில், செப்டம்பரில், முதலாளிகள் கூட்டமைப்பும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தொழிலை நடத்தும் உரிமை உனக்கு, சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமை எனக்கு. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வரை வேலைநிறுத்தம் கிடையாது, கதவடைப்பும் கிடையாது. சுருக்கமாக இதுதான் அந்த உடன்பாடு. ஸ்வீடனில் இதே போன்ற ஏற்பாட்டுக்கு இரு தரப்புக் கூட்டமைப்புகளும் 1938இல் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் கையெழுத்திட்டன. அன்றிலிருந்து இரு நாடுகளிலும் ஊதியம், வேலை நேரம், கூடுதல் நேரப் படி எல்லாமே துறைவாரியாகச் சங்கமும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசி முடிவாகின்றன. அரசு பெரும்பாலும் தள்ளியே நிற்கும். டென்மார்க்கில் தொழிலாளர்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேரும், ஸ்வீடனில் ஒன்பது பேரும் இப்படிப்பட்ட கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள்.

சரி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு நிறுவனம் அடம்பிடித்தால்? அதற்கும் அந்த ஊரில் மருந்து உண்டு. டெஸ்லா அதைப் பார்த்துவிட்டது. ஸ்வீடனில் டெஸ்லாவுக்குத் தொழிற்சாலை இல்லை, கார் பழுதுபார்க்கும் பட்டறைகள்தான் இருக்கின்றன. அங்குள்ள மெக்கானிக்குகளுக்காகக் கூட்டு ஒப்பந்தம் போடும்படி உலோகத் தொழிலாளர் சங்கமான ஐஎஃப் மெட்டால் கேட்டது. நிறுவனம் மறுத்தது. 2023 அக்டோபர் 27இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதன் பிறகு துறைமுகத் தொழிலாளர்கள் டெஸ்லா கார்களைக் கப்பலிலிருந்து இறக்க மறுத்தார்கள். மின் தொழிலாளர்கள் சார்ஜிங் நிலையங்களைப் பழுதுபார்க்க மறுத்தார்கள். தபால் ஊழியர்கள் புதுக் கார்களுக்கான நம்பர் பிளேட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார்கள். இது பைத்தியக்காரத்தனம் என்று எலான் மஸ்க் சமூக வலைத்தளத்தில் எழுதினார். ஸ்வீடன் சட்டப்படி இத்தகைய ஆதரவுப் போராட்டம் முழுக்கச் செல்லும். இரண்டு ஆண்டுகள் கடந்தும் மெக்கானிக்குகள் ஓயவில்லை, நிறுவனமும் இறங்கி வரவில்லை. 1980களில் டென்மார்க்கில் இதே பிடிவாதத்தைக் காட்டிய மெக்டொனால்ட்ஸ், மற்ற சங்கங்களும் களமிறங்கிய பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டது.

ஆக, இந்த வட ஐரோப்பியத் தொழிற்சங்கங்களுக்கு அவற்றின் பலம் சட்டப் புத்தகத்திலிருந்து வரவில்லை. உறுப்பினர் எண்ணிக்கையிலிருந்தும், தேவைப்பட்டால் பக்கத்துச் சங்கத்தையும் தெருவில் இறக்கும் உரிமையிலிருந்தும் வருகிறது. அரசே ஊதியத்தை நிர்ணயித்தால் சங்கத்தில் சேர வேண்டிய அவசியம் குறையும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். அதோடு, சட்டம் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் முதலாளி அதையே உச்சமாக வைத்துக்கொள்வார் என்ற கணக்கும் இருக்கிறது. இந்தப் பயம் கொஞ்சம் மிகையானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஆதாரமில்லாத பயம் என்று தள்ளிவிட முடியாது.

ஏனென்றால் அவர்களிடம் பழைய காயம் ஒன்று இருக்கிறது. 2004இல் லாவால் என்ற லாட்வியா நாட்டுக் கட்டுமான நிறுவனம், ஸ்டாக்ஹோம் அருகே வக்ஸ்ஹோம் என்ற ஊரில் ஒரு பள்ளிக் கட்டட வேலையை எடுத்தது. ஆட்களை லாட்வியாவிலிருந்து கூட்டிவந்தது. ஸ்வீடன் ஒப்பந்தப்படி கூலி கொடு என்றது கட்டுமானத் தொழிலாளர் சங்கம். நிறுவனம் மறுக்க, சங்கம் வேலைத்தளத்தை முற்றுகையிட்டது. வழக்கு லக்சம்பர்க் வரை போனது. 2007 டிசம்பரில் நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒன்றியத்துக்குள் எந்த நாட்டு நிறுவனமும் எங்கும் சேவை வழங்கும் சுதந்திரத்தை இந்த முற்றுகை தடுக்கிறது என்று காரணம் சொன்னது. பின்னர் ஸ்வீடன் தொழிலாளர் நீதிமன்றம் சங்கங்களை நஷ்டஈடு கட்டவும் வைத்தது. பல பத்தாண்டுகளாக உள்ளூரில் யாரும் கேள்வி கேட்காத ஓர் உரிமையை, ஊருக்கு வெளியே இருக்கும் நீதிபதிகள் ஒரே நாளில் வெட்டிவிட்டார்கள் என்றுதான் அங்கே அது பதிவானது. ஊதியம் பற்றி பிரஸ்ஸல்ஸ் நல்லதையே எழுதினாலும் நாளை அதற்கு லக்சம்பர்க் என்ன பொருள் சொல்லுமோ என்ற சந்தேகம் அங்கிருந்து வருகிறது. அடுத்த நாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்கும் அந்த நாட்டின் ஊதிய விதிகளே பொருந்த வேண்டும் என்று 2018இல் ஒன்றியம் சட்டத்தைத் திருத்தியது. அது ஓரளவு பரிகாரம். சந்தேகம் மட்டும் தீரவில்லை.

ஒன்றியத்தின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1957 ரோம் ஒப்பந்தத்தை எழுதியவர்கள், எல்லைகளைத் திறந்துவிட்டால் வியாபாரம் பெருகும், வியாபாரம் பெருகினால் ஊதியமும் தானாக உயரும், சமூகப் பாதுகாப்பை அந்தந்த நாடு பார்த்துக்கொள்ளட்டும் என்று நம்பினார்கள். பிரான்ஸின் வற்புறுத்தலால் நுழைந்த ஒரே கனமான விதி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற 119ஆம் பிரிவு. அதற்கும் காரணம் கொள்கை மட்டும் அல்ல. பெண்களுக்குக் குறைவாகக் கொடுக்கும் நாடுகளோடு தன் ஆலைகள் போட்டியிட முடியாது என்ற கவலை பிரான்ஸுக்கு. அந்தப் பிரிவுகூட 19 ஆண்டுகள் ஏட்டுச் சுரைக்காயாகக் கிடந்தது. பெல்ஜியத்தின் சபேனா விமான நிறுவனத்தில் பணிபுரிந்த ஒரு பணிப்பெண் தொடுத்த வழக்கில்தான், 1976இல், இந்த உரிமையை எந்தப் பெண்ணும் நேரடியாக நீதிமன்றத்தில் கேட்டுப் பெறலாம் என்று தீர்ப்பு வந்தது.

1980களின் இறுதியில் ஒன்றியத்தின் நிர்வாகக் கிளையான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த ஜாக் தெலோர், சந்தையோடு சமூக உரிமைகளும் சேர்ந்து வர வேண்டும் என்று கிளம்பினார். 1988 செப்டம்பரில் பிரிட்டிஷ் தொழிற்சங்க மாநாட்டுக்கே போய் அதைப் பேசினார். அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் அதே மாதம் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் கடுமையாகப் பதிலடி கொடுத்தார். மறு ஆண்டு தொழிலாளர் உரிமைச் சாசனம் வந்தபோது 12 நாடுகளில் 11 ஏற்றன, பிரிட்டன் விலகி நின்றது. பின்னர் வாரத்துக்கு 48 மணி நேர வேலை வரம்பு, ஆண்டுக்கு நான்கு வாரச் சம்பள விடுப்பு போன்ற விதிகள் வந்தன. ஆனால் ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் ஒரு கதவு மட்டும் பூட்டியே இருந்தது. இன்று அதன் எண் 153, ஐந்தாம் உட்பிரிவு. ஊதியம், சங்கம் சேரும் உரிமை, வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகிய நான்கிலும் இந்தப் பிரிவின் கீழ் ஒன்றியம் சட்டம் செய்ய முடியாது என்கிறது அது. டென்மார்க்கின் வழக்கு முதன்மையாக இந்த உட்பிரிவின் மேல்தான் நின்றது.

ஊதியத்தில் கைவைக்க அதிகாரம் இல்லை என்று சொன்ன அதே ஐரோப்பா, கடன் நெருக்கடிக் காலத்தில் அதைத் தாராளமாகச் செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012இல் கிரேக்கத்துக்குக் கடன் கொடுக்க ஆணையமும் ஐரோப்பிய மத்திய வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, குறைந்தபட்ச ஊதியத்தை வெட்டுவது. மாதம் 751 யூரோ 586 ஆனது. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 511. அடுத்த ஆண்டே வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. கூட்டுப் பேர முறையும் அந்தக் காலத்தில் பல நாடுகளில் உடைக்கப்பட்டது. ருமேனியாவில் நாடு முழுவதற்குமான கூட்டு ஒப்பந்தத்தை 2011 சட்டம் ஒழித்துக்கட்டியது. ஊதியத்தைக் குறைக்கும்போது தடுக்காத ஒன்றிய ஒப்பந்தம் உயர்த்தும்போது மட்டும் தடுக்குமா என்று தெற்கு ஐரோப்பியத் தொழிற்சங்கத்தார் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

அந்தக் கசப்பைத் துடைக்கும் முயற்சிதான் 2017 நவம்பரில் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் அறிவிக்கப்பட்ட 20 சமூக உரிமைக் கோட்பாடுகள். நியாயமான ஊதியம், குழந்தைப் பராமரிப்பு, வேலை இழந்தவருக்கு உதவி, வீடு என்று எல்லாம் அதில் உண்டு. அறிவிப்புதான், சட்டம் இல்லை. 2021இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் கூடி மூன்று இலக்குகளை வைத்தார்கள். 2030க்குள் 20 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் 78 சதவீதம் பேர் வேலையில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் வயதுவந்தோரில் 60 சதவீதம் பேர் ஏதாவது பயிற்சி பெற வேண்டும். வறுமை அபாயத்தில் இருப்போர் எண்ணிக்கை ஒன்றரைக் கோடி குறைய வேண்டும். முதலாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2024இல் அந்த விகிதம் 75.8 சதவீதம். மூன்றாவது அப்படி இல்லை. அதே ஆண்டில் 9 கோடிக்கும் அதிகமானோர், அதாவது ஐந்தில் ஒருவர், வறுமை அல்லது சமூக ஒதுக்கலின் விளிம்பில் இருந்தார்கள். வேலை கிடைத்தும் வறுமை ஏன் அசையவில்லை என்று கேட்டால், கிடைக்கிற வேலை எவ்வளவு சம்பளம் தருகிறது என்ற கேள்விக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் 2022ஆம் ஆண்டுச் சட்டம். டைரெக்டிவ் என்ற வகையைச் சேர்ந்தது. ஒன்றியம் இலக்கைச் சொல்லும், அதற்கேற்ற சட்டத்தை ஒவ்வொரு நாடும் தானே எழுதிக்கொள்ள வேண்டும். இது ஐரோப்பா முழுமைக்கும் ஒரே தொகையை நிர்ணயிக்கவில்லை. நிர்ணயிக்கவும் முடியாது. 2025 தொடக்கத்தில் பல்கேரியாவின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 551 யூரோ, லக்சம்பர்கில் 2,638. சட்டம் இரண்டு வேலைகளைச் செய்தது. ஏற்கெனவே குறைந்தபட்ச ஊதியம் வைத்திருக்கும் 22 நாடுகளும் அது போதுமானதா என்று உரசிப் பார்க்க ஓர் அளவுகோல் தேவை என்றது. எல்லாத் தொழிலாளர்களையும் சம்பள வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் சம்பளத்தில் 60 சதவீதம், அல்லது சராசரி ஊதியத்தில் 50 சதவீதம் என்று உதாரணமும் கொடுத்தது. சட்டபூர்வ ஊதியம் இல்லாத டென்மார்க், ஸ்வீடன், ஃபின்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளும் அதைக் கொண்டுவரத் தேவையில்லை என்று வெளிப்படையாக எழுதியும் வைத்தது. இரண்டாவது, கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருவோர் 80 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள நாடுகள், அதை உயர்த்த ஒரு செயல்திட்டம் போட வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

தீர்ப்புக்கு முன்னால் 2025 ஜனவரியில் நீதிமன்றத்தின் தலைமை ஆலோசகர் ஒருவர், முழுச் சட்டமும் செல்லாது என்று கருத்துச் சொல்லியிருந்தார். பிரஸ்ஸல்ஸில் பலருக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில் நீதிமன்றம் அவ்வளவு தூரம் போகவில்லை. இரண்டு இடங்களில் மட்டும் கத்தரித்தது. ஊதியத்தை நிர்ணயிக்கும்போது வாங்கும் சக்தி, ஊதியப் பரவல், ஊதிய வளர்ச்சி, உற்பத்தித்திறன் ஆகியவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் போனது. விலைவாசிக்கு ஏற்பத் தானாக மாறும் முறை உள்ள நாடுகளில் ஊதியம் குறையக் கூடாது என்ற நிபந்தனையும் போனது. இவை ஊதியத்தில் நேரடியாகத் தலையிடுவதாகும் என்றது நீதிமன்றம். மற்றதெல்லாம் நின்றது. இரு தரப்பும் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள வசதியான தீர்ப்பு.

பத்திரிகைகள் பெரும்பாலும் 60 சதவீதத்தைப் பற்றியே எழுதின. அது பயனில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் மணிக்கு 8.50 யூரோவில் தொடங்கிய குறைந்தபட்ச ஊதியம் 2022 அக்டோபரில் 12 ஆனது, 2026 ஜனவரியில் 13.90. ஊதியத்தைப் பரிந்துரைக்கும் ஜெர்மன் ஆணையம் அந்த 60 சதவீத அளவுகோலைத் தன் நடைமுறை விதிகளிலேயே சேர்த்துக்கொண்டுவிட்டது. கட்டாயம் இல்லாத எண்தான், ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு தரப்பு தூக்கிக் காட்ட அது கிடைத்துவிட்டது.

ஆனாலும் இந்தச் சட்டத்தின் உயிர் கூட்டு ஒப்பந்தத்துக்கான அந்த 80 சதவீத இலக்கில் இருக்கிறது என்பதே என் எண்ணம். குறைந்தபட்ச ஊதியம் அடிமட்டத்தை மட்டும் தாங்கும். அதற்கு ஒரு படி மேலே இருக்கும் நர்ஸ் உதவியாளர், லாரி ஓட்டுநர், கிடங்குத் தொழிலாளி ஆகியோரின் சம்பளத்தை உயர்த்துவது கூட்டுப் பேரம்தான். ஜெர்மனியிலேயே ஏறத்தாழ பாதிப் பேர்தான் இன்று கூட்டு ஒப்பந்தத்துக்குள் இருக்கிறார்கள். போலந்து, எஸ்தோனியா போன்ற நாடுகளில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறுவதில்லை.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு இத்தாலி சாட்சி. அங்கே காகிதத்தில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் கூட்டு ஒப்பந்தம் உண்டு. ஆனால் பெயருக்கு ஒரு சங்கத்தை வைத்துக்கொண்டு குறைந்த கூலிக்குக் கையெழுத்திடும் ஒப்பந்தங்களும் அதில் சேர்த்திதான். இத்தாலியர்களே அவற்றைக் கொள்ளைக்கார ஒப்பந்தம் என்கிறார்கள். பெரிய சங்கங்களே கையெழுத்திட்ட தனியார் காவலாளிகள் ஒப்பந்தத்திலும் கூலி மணிக்கு ஐந்து யூரோ அளவில்தான் இருந்தது. கண்ணியமான வாழ்க்கைக்குப் போதுமான ஊதியம் என்ற அரசியலமைப்பின் 36ஆம் பிரிவுக்கு இது முரண் என்று இத்தாலிய நீதிமன்றங்கள் சொல்ல வேண்டிவந்தது. மணிக்கு 9 யூரோ குறைந்தபட்ச ஊதியம் என்று 2023இல் எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த யோசனையை மெலோனி அரசு ஏற்கவில்லை.

சட்டம் போட முடியாத இடத்தில் பணத்தைக் காட்டி வேலை வாங்கலாமே என்றால், பிரஸ்ஸல்ஸிடம் பணமும் அதிகம் கிடையாது. ஐரோப்பிய சமூக நிதிக்கு 2021 முதல் 2027 வரை ஏழு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒதுக்கியது ஏறத்தாழ 9,900 கோடி யூரோ. ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை உதவி என்று உறுப்புநாடுகள் ஒரே ஆண்டில் செலவிடுவது நான்கு லட்சம் கோடி யூரோவுக்கு மேல். ஆனால் தக்க நேரத்தில் வந்தால் சின்னப் பணமும் வேலை செய்கிறது. 2020 கொரோனா முடக்கத்தில் தொடங்கி 2022 வரை ஒன்றியம் சந்தையில் கடன் வாங்கி 19 நாடுகளுக்கு 9,840 கோடி யூரோ கடனாகக் கொடுத்தது. ஆட்களை வேலையை விட்டு அனுப்பாமல் நேரத்தைக் குறைத்து, விட்டுப்போன சம்பளத்தில் ஒரு பங்கை அரசே தரும் பழைய ஜெர்மன் முறையைப் பல நாடுகள் அந்தப் பணத்தில் நடத்தின.

அப்புறம் வந்த மீட்சி நிதி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. சீர்திருத்தம் செய்தால் பணம். ஸ்பெயினில் வேலை செய்வோரில் நாலில் ஒருவர் தற்காலிக ஒப்பந்தத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதை மாற்றுவதாக ஸ்பெயின் உறுதிகொடுத்து, தொழிற்சங்கங்களோடும் முதலாளிகளோடும் பேசி முடித்து 2021 டிசம்பரில் சட்டம் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரி 3 அன்று நாடாளுமன்றத்தில் 175க்கு 174 என்று அது தப்பியது. அந்த ஒரு வாக்கு, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் ஆன்லைனில் தவறிப்போய் அழுத்தியது! அதன் பிறகு தற்காலிக ஊழியர் விகிதம் ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பிரஸ்ஸல்ஸ் உபதேசமாகப் பல ஆண்டுகள் சொல்லியும் நடக்காத விஷயம் இது.

சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர் தொழிலாளியா, சொந்தத் தொழில் செய்பவரா என்ற வழக்கும் இதே பாதையில்தான் போகிறது. செயலி நிறுவனம் அவரைக் கட்டுப்படுத்தினால் அவர் ஊழியரே, இல்லையென்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு என்று 2024இல் ஒன்றியம் சட்டம் செய்தது. பிரான்ஸ் ஆதரிக்கவில்லை, ஜெர்மனி வாக்களிக்காமல் ஒதுங்கியது. எந்த அறிகுறிகள் இருந்தால் கட்டுப்பாடு எனலாம் என்ற பொதுப் பட்டியலை வெட்டிய பிறகே சமரசம் வந்தது. 2026 டிசம்பர் 2க்குள் 27 நாடுகளும் தங்கள் தங்கள் சட்டத்தை எழுத வேண்டும். ஸ்பெயின் 2021லேயே எழுதிவிட்டது. அபராதமும் வழக்கும் குவிந்த பிறகு, க்ளோவோ நிறுவனம் தன் ஸ்பெயின் ஓட்டிகளை ஊழியர்களாக மாற்றுவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது.

டென்மார்க்குக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தால் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை. பார்க்க வேண்டிய நாடு ருமேனியா. 2011இல் பேரமுறையை உடைத்த அந்த நாடு, 2022 டிசம்பரில் புதுச் சட்டம் போட்டுச் சங்கம் அமைப்பதை எளிதாக்கியது, பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில் பேச்சுவார்த்தையைக் கட்டாயமாக்கியது, துறைவாரி ஒப்பந்தத்துக்கும் வழி திறந்தது. பேச உட்காருவது கட்டாயம், ஒப்பந்தத்தில் முடிவது கட்டாயம் இல்லை. துறை அளவில் பேச வேண்டுமானால் எதிரே உட்கார முதலாளிகளின் கூட்டமைப்பு ஒன்று வேண்டும், அதில் சேர நிறுவனங்களுக்கு ஏதாவது காரணம் வேண்டும். டென்மார்க் முதலாளிகளுக்கு ஒரு காலத்தில் அந்தக் காரணத்தைக் கொடுத்தது வேலைநிறுத்தம். ருமேனியாவில் அதைக் கொடுக்கும் வேலையை இப்போது 80 சதவீத இலக்குக்கான செயல்திட்டத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.